சமையல் வண்டிக்கு டர்போ இன்ஜின்

என் மனைவியின் தம்பி கல்யாணச் சமையல் எடுத்து நடத்திக்கொண்டிருந்தான். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு. வாசலில் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி நிற்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். எப்போதும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பின்னால் திறந்த தட்டு. அதில் அண்டா, அடுப்பு, மளிகை மூட்டை, பால் கேன், இவற்றின் மேல் சமையற்காரர்கள் என்று அடுக்கிக்கொண்டு நகரத்தின் எல்லாக் கல்யாண மண்டபங்களுக்கும் அது போய் வந்துகொண்டிருந்தது. போய் வந்தது என்று பொதுவாகச் சொல்கிறேன். சில சமயம் போய்க்கொண்டே இருந்தது.

அப்படிப் போய்க்கொண்டே இருந்த நாள்களில் ஒன்றுதான் தொல்லைக்கு ஆரம்பம். கோபாலபுரத்தில் ஒரு பெரியவருக்கு மூன்று பெண்கள். முதல் பெண்ணின் கல்யாணம் வடபழனியில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அவர்கள் கையில் காப்பி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலியில் கொஞ்சம் தாமதம் என்றால்கூடப் பஞ்சாங்கத்தைக் காட்டிச் சமாளிக்கலாம். காப்பியில் சமாளிக்க முடியாது. அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது காப்பி கோடம்பாக்கம் பாலத்தின் மேல் இருந்தது. வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் பக்கத்து ஹோட்டலிலிருந்து பிளாஸ்கில் வரவழைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா அதைக் குடித்துவிட்டு, "இந்தாத்துல காப்பியே இரவல்தானா?" என்று கேட்டார். பெரியவர் அதை மறக்கவில்லை.

இரண்டாவது பெண்ணுக்கும் அதே மண்டபம் என்று நிச்சயமானபோது, மைத்துனனைக் கூப்பிட்டனுப்பினார். நானும் உடன் போயிருந்தேன்.

"உம்ம சாம்பாருக்காக இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கறேன். நாலு மணிக்கு மண்டபத்துல டிகாக்‌ஷன் வாசனை வரணும். வரலைன்னா மூணாவது பொண்ணுக்கு வேற ஆள். எங்க மனுஷா ஒருத்தரும் உம்மாத்துப் பக்கம் திரும்பமாட்டா, ஆமாம்."

இது வெறும் மிரட்டல் இல்லை. மைத்துனனுக்கு வந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அந்தப் பெரியவரின் உறவு வட்டத்திலிருந்து வந்தவை. அந்த வட்டம் மூடிக்கொண்டால் அவன் வாடகைக்குப் பாத்திரம் விட்டுத்தான் பிழைக்க வேண்டும்.

வேறொருவனாக இருந்தால் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருப்பான். இவன் வண்டிக்கு இன்ஜின் மாற்றத் தீர்மானித்தான்.

நான் அப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மோட்டார் பிரிவில் இருந்தேன். வண்டிகள் மோதிக்கொண்ட பிறகுதான் எனக்குப் பழக்கமாகும். ஆனாலும் குடும்பத்தில் வாகன நிபுணர் நான்தான் என்பதால், ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனான். மெக்கானிக், பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து ஓர் இன்ஜினை வாங்கி, மர ஸ்டூலின் மேல் வைத்து, கோணியால் மூடியிருந்தான். ஜப்பானிய வேன் ஒன்றிலிருந்து கழற்றியது. டர்போ டீசல். அவன் கோணியை விலக்கிய விதம், பெண் பார்க்கப் போன இடத்தில் திரையை விலக்குவதுபோல் இருந்தது.

"டர்போன்னா இன்னா தெரியுமா சார்? வெளிய போற பொகைகீதே, அது ஒரு காத்தாடிய சுத்தும். அந்தக் காத்தாடி காத்த புட்ச்சி இன்ஜின் உள்ள தள்ளும். வேஸ்ட்டா போறதுலேந்து பவரு. ஃப்ரீ!"

"ஃப்ரீயா?" என்றான் மைத்துனன். அங்கேயே எல்லாம் முடிந்தது.

இன்ஜினை மாற்றியதைப் பதிவுப் புத்தகத்தில் முறையாக ஏற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஏற்றினோம். இந்த முழு விவகாரத்தில் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

புது இன்ஜின் பழையதைவிட நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். அதற்காக முன்பக்கத்தை வெட்டினார்கள். கியர் பாக்ஸ் உட்கார்வதற்காக டிரைவரின் காலடித் தகட்டை வெட்டினார்கள். பானெட் மூடவில்லை. அதிலும் ஓட்டை போட்டு, மேலே அண்டா மூடியைப் போல் ஒரு தகட்டைப் பற்றவைத்தார்கள். அது உண்மையிலேயே அண்டா மூடிதான் என்று பிறகு மைத்துனனின் மனைவி கண்டுபிடித்தாள்.

"பிரேக்?" என்று கேட்டேன்.

"பிரேக்கு பயசுதான் சார். மெட்ராஸ் டிராஃபிக்கே ஒரு பிரேக்குதானே?"

கடற்கரைச் சாலையில் சோதனை ஓட்டம் நடந்தது. வண்டி முதலில் எருமை மாதிரி முக்கியது. விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டிச் சாலை காலியாக இருந்த இடத்தில், மைத்துனன் மிதித்துக்கொண்டே இருக்க, விசில் போல ஒரு சத்தம் எழுந்து, வண்டி திடீரென்று முன்னால் பாய்ந்தது. மெக்கானிக் சிரித்தான். மைத்துனன் கத்தினான். நான் கைப்பிடியைத் தேடினேன்; அதை வெல்டிங் செய்யும்போது கழற்றியிருந்தார்கள்.

டர்போ வேலை செய்ய வண்டி நல்ல வேகத்துக்கு வர வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது. மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர் வழியாக வடபழனி வரை அந்த வேகத்தில் போகக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை என்று நான் சொன்னேன்.

"அத்திம்பேர், நம்மகிட்ட இருக்குன்னா ஒரு தைரியம் இல்லையா?" என்றான்.

பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் புதன்கிழமை. அன்று மாலை ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். நாலு மணிக் காப்பி அன்றைக்குத்தான். காலையில் மெக்கானிக் வந்து, காற்று உள்ளே போகும் வழியிலிருந்த ஃபில்டர் டப்பாவைக் கழற்றினான். அது வேறு வண்டியினுடையது, சைஸ் சரியில்லை, புதுப்பேட்டையில் சரியானது சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். இத்தனை நாள் அதைச் செய்யாமல் அன்றைக்கு ஏன் செய்தான் என்று கேட்டதற்கு, "இன்னிக்குத்தானே சார் வண்டி போவுது?" என்றான். திறந்திருந்த குழாய் வாயில் தூசி போகாமல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினான்.

"நான் ஒரு மணிக்கு டப்பாவோட வர்ரேன். அதுவரிக்கும் ஸ்டார்ட் பண்ணாத நைனா. துணிய கயட்டாத."

அவன் போனதும் புரோகிதம் பண்ணும் வாத்தியார் வந்தார். வண்டிப் பூஜைக்கு மைத்துனன் சொல்லி வைத்திருந்தான். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அதற்கு முன்னால் ஒரு முறை இன்ஜினைக் கிளப்பி அணைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு, பிறகு எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம் என்றார் வாத்தியார்.

"மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணாதேன்னு சொல்லியிருக்கானே" என்றேன்.

"ஓட்டறதைத்தானே வேண்டாம்னான்? இது ஓட்டறது இல்லையே அத்திம்பேர், இது சாஸ்திரம்" என்றான் மைத்துனன்.

பானெட்டைத் திறந்தார்கள். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம். வாத்தியாரின் கண் குழாய் வாயில் போய் நின்றது.

"என்னடா இது, சுபகாரியத்துல கறுப்புத் துணி? எடு, எடு."

மைத்துனன் அவிழ்த்தான். துணி போனதும் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது அவனுக்கு. ஜிகினாக் கம்பி சுற்றிய மாலை ஒன்று மிச்சமிருந்தது. அதைக் குழாயின் கழுத்தில் சாற்றினான். உள்ளே ஏறி, சாவியைத் திருப்பி, சந்தோஷத்தில் நன்றாக மிதித்தான்.

மாலை மறைந்தது. கீழே விழவில்லை, உள்ளே போய்விட்டது. ஓடுகிற மிக்ஸியில் கரண்டி விழுந்ததைப் போல ஒரு சத்தம் வந்தது. நான் "அணை, அணை" என்று கத்தினேன்.

அமைதியான பிறகு வாத்தியார், "பகவான் ஏத்துண்டுட்டார்" என்றார். தட்சணையையும் ஏற்றுக்கொண்டு கிளம்பினார்.

மெக்கானிக் சொன்னபடி டப்பாவோடு வந்தான். குழாய்க்குள் விரலை விட்டு ஒரு செவ்வந்தி இதழை எடுத்தான். எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தான்.

"யாரு கயட்டனது?"

"வாத்தியார்தான்…" என்றான் மைத்துனன்.

"நைனா, இது வண்டிக்கு மூக்கு. மூக்குல யாராவது மாலை போடுவாங்களா? பூவு போனா போயிகினே இருந்திருக்கும். கம்பி சுத்திக்கிச்சு. காத்தாடி மடங்கிப்போச்சு. டர்போ அவுட்டு."

மைத்துனன் படியில் உட்கார்ந்துவிட்டான். சமையற்காரர்கள் ஏற்கெனவே தட்டில் ஏறி அவரவர் மூட்டைமேல் அமர்ந்திருந்தார்கள். இறங்குவதா வேண்டாமா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. "நாலு மணி, நாலு மணி" என்று மட்டும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் அது முகூர்த்தக் காலம்; இருந்த வண்டியெல்லாம் இன்னொரு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

மெக்கானிக் ஒரு வேலை செய்தான். டர்போவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, உள்ளே சிக்கியதைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயால் ஃபில்டர் டப்பாவை நேரடியாக இன்ஜினோடு இணைத்தான்.

"மூச்சு கம்மியாத்தான் வரும். பொகை நெறைய வரும். ஆனா போவும். வயில நிறுத்திக்கினு நிக்காத."

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வண்டி பழைய இன்ஜினோடு போன அதே வேகத்தில் போயிற்று, புகைதான் புதிது. பனகல் பார்க்கில் ஜவுளிக் கூட்டம் எங்களைத் தாண்டி நடந்து போனது. உஸ்மான் ரோடில் சைக்கிளில் வந்த ஒருவன் பக்கத்தில் இருமிக்கொண்டே, "யோவ், வண்டிலயே சமைக்கிறியா?" என்று கேட்டுவிட்டு முந்திச் சென்றான். மைத்துனன் திரும்பவில்லை. அவன் கண் எதிரே வரப்போகும் பாலத்தில் இருந்தது.

கோடம்பாக்கம் பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் சமையற்காரர்கள் யாரும் சொல்லாமலே குதித்து இறங்கினார்கள். பழக்கம். பாலத்தின் நடுவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மைத்துனன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறுடி, ஏறுடி என் தங்கமே" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் யாரிடமும் அவ்வளவு கெஞ்சி நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து தலைமைச் சமையற்காரர் தட்டைத் தள்ளிக்கொண்டே, "அடுத்த தடவை டர்போவுக்குப் பதிலா எங்களுக்கு ஆளுக்கொரு செருப்பு வாங்கிக் குடுங்கோ" என்றார். வண்டி உச்சியைத் தாண்டி இறங்கியது.

மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் மண்டபத்துக்கு வந்தபோது டிகாக்‌ஷன் வாசனை வாசல்வரை இருந்தது. முதல் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வந்திருந்தார். பெரியவர் தன் கையாலேயே டம்ளரைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டி, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

பிறகு சமையற்கட்டுக்கு வந்தார். "புது இன்ஜினாமே! வேலையைக் காட்டிடுத்தே!"

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஊர்வலத்துக்குச் சொல்லியிருந்த திறந்த கார் வரவில்லை. ரேடியேட்டர் கொதித்து ஆற்காடு ரோடில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை கோயில் வாசலில் காத்திருந்தார். பெரியவர் மறுபடியும் ஓடி வந்தார்.

"உம்ம வண்டியைக் கொண்டாரும். டர்போவாச்சே, நிக்காது."

தட்டைக் கழுவி, ஜமுக்காளம் விரித்து, மண்டபத்திலிருந்த சிம்மாசன நாற்காலியை ஏற்றி, மாப்பிள்ளையை அதில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் சீரியல் விளக்கு. முன்னால் நாகஸ்வரம் நடந்தது. அதன் பின்னால் முதல் கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில், வண்டி ஊர்ந்தது. அந்த வேகத்துக்கு டர்போ தேவைப்படவில்லை. அது இல்லாதது தெரியவும் இல்லை. வண்டிக்குப் பின்னால் வந்த பெண்கள் மட்டும் பட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்கள்.

பெரியவர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். "நெய் மாதிரி போறதே! நல்ல இன்ஜின்னா சத்தமே தெரியாது, பாரும். தை மாசம் மூணாவதுக்குப் பார்த்துண்டிருக்கோம். ஒழிச்சு வச்சுக்கும்."

"உத்தரவு மாமா" என்றான் மைத்துனன்.

அடுத்த வாரம் மெக்கானிக், புதுப்பேட்டையில் வேறு டர்போ ஒன்று வந்திருக்கிறது, போட்டுவிடலாமா என்று கேட்டு வந்தான்.

"எதுக்கு? இதே நன்னாத்தான் போறது" என்றான் மைத்துனன். பெயின்டரை வரச்சொல்லி, பின்பலகையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று எழுதவைத்தான்.