மதியம் ஒன்றரைக்குக் கார்த்திகை தீபம்

திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றும்போது ஜெர்மனியில் மதியம் ஒன்றரை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அப்போது சூப் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பது வருடமாக அன்று விடுப்பு எடுத்து, வெட்டவெளிச்சத்தில் பால்கனியில் அகல் விளக்கு ஏற்றுகிறேன். பகலில் விளக்கு ஏற்றுவது இன்னும் பழகவில்லை.

இந்த வருடம் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "அப்பா போயி வருஷம் திரும்பல. நம்ம வூட்ல வெளக்கு வேணாம். நீயும் ஏத்தாத."

அப்பா ஆடியில் இறந்தார். விமானம் மாறி மாறி நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் ஊற்றி முடித்திருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. வருடா வருடம் தீபத் திருவிழாவில் அவர் பெரிய தேரின் வடம் பிடிப்பார். நானும் அம்மாவும் பெண்கள் இழுக்கும் அம்மன் தேருக்குப் போவோம். வீடு திரும்பினால் அப்பாவின் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருக்கும். சோறு பிசைய முடியாது. அம்மா ஊட்டிவிடுவாள். வெட்கப்பட்டுக்கொண்டே வாய் திறப்பார்.

அம்மா சொன்னதை மீறி ஒரே ஒரு அகலை மட்டும் ஏற்றினேன். ஊரே விளக்கேற்றும் நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு ஹெல்கா. எண்பது வயது, தனியாக வாழ்பவர். தோட்டத்திலிருந்து சுடரைப் பார்த்திருக்கிறார். தீ பயத்தில் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, "ஃபெஸ்ட், ஃபெஸ்ட்," என்றேன். திருவிழா என்று அர்த்தம். அவர் தலையசைக்கவில்லை.

"வேர் இஸ்ட் கெஷ்டோர்பன்?"

யார் இறந்தது என்று கேட்கிறார். இங்கே நவம்பரில் விளக்கு கல்லறைகளில்தான் எரியும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "என் அப்பா" என்று வந்துவிட்டது. நான்கு மாதத்தில் இந்த நாட்டில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. ஹெல்கா இறங்கிப்போய், கணவருக்கு வாங்கிவைத்திருந்த சிவப்புக் கல்லறை விளக்கைக் கொண்டுவந்து, என் அகலுக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்தினார்.

அந்நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். மொட்டைமாடியில் நின்றிருந்தாள். சுற்றிலும் "அரோகரா" சத்தம்.

"மல தெரியுதா பாரு... அது யாரு பக்கத்துல? வெளக்கு ஏத்திட்டியா நீ?"

"ஆமாம்மா. கீழ்வூட்டு அம்மா. அவங்களும் அப்பாவுக்காக ஒண்ணு ஏத்தியிருக்காங்க."

அம்மா திரைக்கு அருகே வந்து பார்த்தாள். "அவங்க வூட்டுக்காரரு?"

"இல்லம்மா. போயிட்டாரு."

"ஃபோன அவங்ககிட்ட காட்டு," என்று சொல்லி, தன் கைபேசியை மலைப் பக்கம் திருப்பினாள்.

இருட்டிய மலையின் உச்சியில் தீ நின்றது. ஹெல்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். அவ்வளவு பெரிய விளக்கு உன் அப்பாவுக்கா என்று மெதுவாகக் கேட்டார்.

"யா," என்றேன்.

"என்ன கேக்குறாங்க?" என்றாள் அம்மா.

"தீபம் நல்லா தெரியுதுன்னு சொல்றாங்கம்மா."

ஒரு கையால் ஹெல்காவுக்கு மலையைக் காட்டிக்கொண்டு, மறு கையால் அகலுக்குக் காற்றை மறைத்தபடி நின்றேன்.