பிடித்ததா, தள்ளியதா

மெர்வின் பென்னக் ஜெயிலுக்குப் போவது செஸ்டர் வட்டாரத்தில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. பென்சில்வேனியாவில் அப்பா வைத்த ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்; எந்தச் சண்டையிலும் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று நம்பும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வாலிபத்தில், இட்லரோடு சண்டை போட ஊரே கிளம்பியபோது, "நான் யாரையும் சுடமாட்டேன்" என்று சொல்லி, மரம் வெட்டும் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு, கறுப்பர்களுக்குச் சாப்பாடு தராத மேரிலாந்துக் கடையொன்றில் அவர்களோடு போய் உட்கார்ந்தார். யாரோ தலையில் கெட்சப்பைக் கவிழ்த்தார்கள். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கை ஓங்காமல் இருப்பது அவருக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை.

அதனால்தான் எழுபத்திரண்டாம் வருட வசந்தத்தில் நடந்தது அவரை அப்படிக் குழப்பிவிட்டது.

வியட்நாமுக்குக் குண்டு ஏற்றிய சரக்கு ரயில் துறைமுகத்துக்குப் போகும் வழியில், உயர்ந்த கரைமேல் தண்டவாளம் வளைந்து போகும். அங்கே குவேக்கர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கியது. விக் சபட்டினோ என்ற இளம் போலீஸ்காரன், வயதான மிரியம் கோப்பின் கையை முறுக்கி இழுத்தான். மிரியம் வீறிட்டாள். மெர்வின் எழுந்தார். அவர் கை அவன் நெஞ்சில் பட்டது. அடுத்த நொடி அவன் சரளைக்கல்லோடு உருண்டு கீழே கிடந்தான், மணிக்கட்டு முறிந்து.

போலீஸ்காரரைத் தாக்கியதாக வழக்கு. மனைவி ஹெஸ்டர் ஜெயிலில் வந்து பார்த்தாள்.

"அவன் காலடியில கல்லு சறுக்குச்சு, நீ அவனைப் பிடிக்கப் போன. அவ்வளவுதானே?"

"அப்படித்தான் இருக்கணும்."

"இருக்கணும்னா?"

"கை பட்டது ஞாபகம் இருக்கு ஹெஸ்டர். அதுக்கு முந்தி மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியல."

"இத்தனை வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன். ஒரு கோழியைக்கூட நீ அறுத்தது கிடையாது. நான்தான் அறுக்கிறேன்."

"திங்கிறது நானும்தானே," என்றார் மெர்வின்.

கோர்ட்டில் அவர் பைபிளில் கை வைக்கவில்லை. எப்போதும் உண்மை பேச வேண்டியவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது குவேக்கர் வழக்கம். நீதிபதியையும் மற்றவர்களைப் போலப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"போலீஸ்காரரைத் தள்ளினீங்களா?"

"தெரியல, ஹார்லன் வோர்த்."

"அப்போ பிடிக்கப் போனீங்களா?"

"அதுவும் தெரியல."

"ரெண்டுல ஒண்ணுதானய்யா இருக்க முடியும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மாவுக்கட்டோடு சபட்டினோ கூண்டில் ஏறினான். "விழப்போன என்னைப் பிடிக்கத்தான் வந்தாரு," என்றான். தாக்கிய வழக்கு தள்ளுபடியாயிற்று. ரயிலை மறித்ததற்கு மட்டும் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

வெளியே வந்ததும், ஹெஸ்டர் காய்ச்சிய ஆப்பிள் பாகை ஒரு ஜாடியில் எடுத்துக்கொண்டு நேரே சபட்டினோவின் வீட்டுக்குப் போனார்.

"நான் பிடிக்கத்தான் வந்தேனா? நீ பாத்தியா?"

"பெரியவரே, நான் வானத்தைப் பாத்துக்கிட்டு விழுந்துட்டிருந்தேன். என்னத்தைப் பாக்க?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

சபட்டினோ ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்தம்மா கையை நான் முறுக்கினது எனக்கு நல்லாத் தெரியும். அதைப்பத்தி ஒருத்தரும் கேக்கல. நீங்க என்னடான்னா செஞ்சீங்களா இல்லையான்னே தெரியாம அங்க நின்னு முழிக்கிறீங்க. பாக்கச் சகிக்கல."

தெளிவு தேடிப் போனவர் கூடுதல் குழப்பத்தோடு திரும்பினார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி அவன் காப்பாற்றியிருக்கிறான். நீதிபதியிடம் போய்ச் சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பொய்யில் தனக்கும் பங்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கோ அடி விழுந்தது. கடைசிவரை அவர் சொல்லவே இல்லை. அது சரிதானா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

குவேக்கர்களின் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் பாதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லாரும் மௌனமாக இருப்பார்கள், உள்ளே உந்துதல் வந்தவர் மட்டும் எழுந்து பேசுவார். மெர்வின் எழுந்தார்.

"அமைதிக் குழுவுல இருந்து என்னை எடுத்துடுங்க. நான் அமைதியானவன்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

மிரியம் கோப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அன்னைக்கு அவன் கையைக் கடிச்சு வைக்கணும்னு எனக்கும் தோணுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். குழுவிலிருந்து அவரை யாரும் எடுக்கவில்லை. அது மன்னிப்பா, மறதியா என்று அவருக்கு விளங்கவில்லை.

இலையுதிர்காலத்தில், அறுவடை மும்முரத்தில், அடுத்த ரயில் வருவதாகத் தகவல் வந்தது. மெர்வின் ஏணியிலிருந்து இறங்கிக் கோட்டு மாட்டினார்.

"என்ன, தெளிஞ்சுடுச்சா?" என்றாள் ஹெஸ்டர்.

"இல்ல."

"அப்புறம் எங்க கிளம்பிட்ட?"

"குண்டு போகுதே, ஹெஸ்டர்."

போய் வரிசையில் உட்கார்ந்தார். போலீஸ் தூக்கியபோது உடம்பைத் தளர்த்தி மூட்டை மாதிரி கிடந்தார். கோபம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் மனசுக்குள் தேடிப் பார்த்தார். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அதற்குள் வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.