ரூபி மேடமும் நசீமாவின் நல்லியும்

ரூபி மேடம் போயிட்டாங்க.

காலையில அவங்க பொண்ணு போன் பண்ணிச்சு. "அங்கிள், அம்மா தூக்கத்துலயே..."

இங்க பல பேருக்கு அவங்களைத் தெரியாது. வெளிநாட்டுல ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி முடிச்சுட்டு, எழுபதுகளின் கடைசியில வேலூருக்கு வந்த டாக்டர். எலும்பு மஜ்ஜையில இருக்குற ஸ்டெம் செல், ரத்தப் புற்றுநோய்... இதுதான் ஆராய்ச்சி. நான் அவங்க லேப் டெக்னீஷியன். ஸ்லைடுக்குச் சாயம் போடுறவன்.

கோபம் ஜாஸ்தி. சாயம் கொஞ்சம் தூக்கலாப் போனா, "மணி, இது ரத்தமா, லுங்கியா?"ம்பாங்க. நான் குடியாத்தத்து லுங்கி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சேதான்.

அப்பதான் ஆம்பூர்ல இருந்து ஷமீமா வந்தா. ஷூ ஃபேக்டரியில தைக்கிற பொண்ணு, இருபது வயசு இருக்கும். ரத்தப் புற்றுநோய். கூடவே அவ அக்கா நசீமா... ரெட்டைப் பிறவி. அச்சு அசல் ஒரே முகம்.

நசீமாவைப் பார்த்ததும் மேடம் அப்படியே உட்கார்ந்துட்டாங்க. "இவ மஜ்ஜையை அவளுக்கு வெச்சா உடம்பு ஏத்துக்கும் மணி. நான் அங்க கண்ணால பார்த்திருக்கேன்."

ஆனா முதல்ல கெட்டுப்போன மஜ்ஜையை மொத்தமா அழிக்கணும். அப்புறம் வாரக்கணக்கா கிருமியே அண்டாத ரூம்ல வெச்சிருக்கணும். அன்னிக்கு எங்ககிட்ட ரெண்டுக்கும் வழி இல்லை.

முடியாதுன்னு மேடம் ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. கூட வந்திருந்த பொண்ணுங்களோட அம்மாவுக்கு மஜ்ஜைன்னாலே புரியலை. நான்தான், "நல்லிம்மா... எலும்புக்குள்ள கீதே, அது"ன்னேன். அந்த வார்த்தையை ஏன்தான் சொன்னேனோ.

மறுநாள்ல இருந்து தினமும் ஆம்பூர் பஸ்ல நல்லி சூப் வந்துது. ஷமீமாவுக்கு வாயெல்லாம் புண், முழுங்க முடியலை. அம்மா அதை நசீமாவுக்குக் குடுத்தாங்க.

"நீ குடிடி. உன் நல்லி கெட்டியா ஆவட்டும். அவளுக்குதானே குடுக்கப்போற."

மேடம் பக்கத்துலதான் நின்னாங்க. மூணாவது தடவை முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு மனசு வரலை.

நசீமா மஜ்ஜை எடுக்குற ஊசிக்குப் படுத்தா. ஆராய்ச்சிக்குத்தான்மா, தங்கச்சிக்கு இல்லைன்னு சொல்லித்தான் எடுத்தோம். தலையாட்டினா. மேடம் அந்த மஜ்ஜையைக் கண்ணாடித் தட்டுல போட்டு, செல் வளர்க்குற இன்குபேட்டர்ல வெச்சாங்க.

ஒரு வாரத்துல கொத்துக் கொத்தா வளர்ந்துது. என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்ல காட்டினாங்க. "பாருங்க மணி, எவ்ளோ நல்லா வளருது..."

வாசல்ல நசீமா நின்னுட்டு இருந்தா.

"வளருதுன்றீங்க. அப்புறம் இன்னா மேடம்? ஏத்திடுங்களேன்."

மஜ்ஜை எடுத்த ஒன்பதாம் நாள் ஷமீமா போயிட்டா. தட்டுல அது இன்னும் வளர்ந்துட்டுதான் இருந்துது. கழுவிடட்டுமான்னு கேட்டேன். "தொடாதீங்க"ன்னாங்க மேடம்.

எண்பதுகள்ல நம்ம பக்கத்துலயே மஜ்ஜை மாத்துற காலம் வந்துது. முதல் ஆள் நல்லபடியா வீட்டுக்குப் போன அன்னிக்கு லேப்ல எல்லாருக்கும் ஸ்வீட். மேடம் தன் பங்கைப் பேப்பர்ல மடிச்சு வெச்சுட்டு என்கிட்ட வந்தாங்க.

"மணி... இதை நசீமாகிட்ட சொல்லணுமா, வேணாமா?"

ஆம்பூர் என்ன அவ்ளோ தூரமா? பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம். ரெண்டு பேருமே போகலை.

போயிட்டு வாங்க மேடம்.

நீங்க கேட்டதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியலை...