கையைப் பார்க்காமல் நிரப்பிய ஆறு குண்டு

கண்டியில் நகைக்கடை வைத்திருப்பதால் லைசன்ஸோடு ஒரு சின்ன ரிவால்வரும் வைத்திருக்கிறேன். ஆறு குண்டையும் ஒரே அமுக்கில் இறக்கும் ஸ்பீட்லோடர் இரண்டு வாங்கினேன். ஒன்றில் நிஜக் குண்டு, மற்றதில் பயிற்சிக்கான சிவப்புப் பொய்க் குண்டு.

ஒரு ஞாயிறு காலை, அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த தொப்பைக்காரனைக் குறிவைத்துப் பழகினேன். கையைப் பார்க்காமல் நிரப்புவதுதான் கெட்டித்தனமாம். மூன்றே விநாடியில் நிரப்பி, விசையில் விரலை வைத்தேன். அலுமாரிக்குப் பின்னால் பலகைச் சுவர்தான். அதற்கப்பால் குசினியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒங்க செவப்புக் குண்டு இங்க மேசையில கெடக்கு. எடுத்துட்டுப் போங்க, தோசை வைக்கணும்."

விரலை எடுக்கவே பயமாக இருந்தது. குண்டுகளை வெளியே எடுக்கக் கால்மணி நேரமானது.

"என்னங்க, மூஞ்சி வெளுத்திருக்கு?"

"பசி" என்றேன்.

திருடனை விட என்னைக் கண்டுதான் அவள் பயப்பட வேண்டும் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.