இரண்டாவது டாம்சின்

காப்பிக் கோப்பையை ஊர் அலுவலக எழுத்தர் டார்லீனின் மேசையில் விட்டுவிட்டு, கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தை உதறியபடியே மார்சியா டூக்ஸ்பரி பெட்டக அறையின் இரும்புக் கதவைத் தோளால் தள்ளுகிறாள். கோடையிலும் கம்பளிச் சட்டைதான். உள்ளே ஊரின் முந்நூறு வருடத்துப் பதிவேடுகள். அவற்றுக்காக வைத்திருக்கும் குளிரில் வெளியூர்க்காரர்கள் அரைமணி நேரம் தாங்கினால் அதிகம். மார்சியா நாலு மணிக்கு அலுவலகம் பூட்டும்வரை இருப்பாள்.

“உயிரோட இருக்கறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா மார்சியா?” என்று டார்லீன் வெளியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“உன்னைத் தெரியும். அது எத்தனை நாளைக்கோ!”

நியூ ஹாம்ஷயரின் பிக்கரிங் கார்னரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வயது எழுபது. எந்த வாசலில் எந்தப் பிள்ளை ஏறும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்த அதே தலைக்குள், எந்த வீட்டில் எந்த வருடம் எந்தப் பிள்ளை செத்தது என்ற கணக்கு இப்போது இருக்கிறது. காரின் பின்சீட்டில் எப்போதும் ஓர் ஆளுயரக் கண்ணாடி கிடக்கும். இடுகாட்டில் தேய்ந்துபோன கற்களின்மேல் அதைப் பிடித்து வெயிலைச் சாய்வாக அடித்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். கண்ணாடியைத் திருப்பினால் மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஒஹாயோவிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் மூதாதையரைத் தேடி வருகிறவர்களுக்கு அவள் இலவசமாகவே உதவுகிறாள். கேலி மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். “எல்லாருக்கும் இங்கிலாந்துலேருந்து முதல் கப்பல்ல வந்த தாத்தாதான் வேணும். பன்னியை ஊருக்குள்ள அவுத்துவிட்டு அபராதம் கட்டின தாத்தாவை ஒருத்தரும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்க.”

ஆனால் அவள் தனக்காகத் தேடுவது கணவன் லைலின் குடும்பத்தை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இடுகாட்டுக் கல்லொன்றில் டாம்சின் என்ற பெயரைப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று. “அட, எங்க வீட்டுப் பேருதான் அது. நடுவுல எங்கியோ தொலைஞ்சுபோச்சு” என்று லைல் சிரித்தான். அந்த டாம்சின் பத்தொன்பதாம் வயதில், மூளைக்காய்ச்சலில், மூன்றே நாளில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுவாரம் மார்சியா முதல்முறையாகப் பெட்டக அறைக்கு வந்தாள். அதற்கு இருபத்தாறு வருடமாகிறது.

அந்தக் காலத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை இறந்தால், தொட்டிலை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோலப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். மார்சியாவின் பென்சில் பட்டியலில் டூக்ஸ்பரி குடும்பத்து டாம்சின்கள் ஆறு பேர். ஒருத்தியும் இருபதைத் தாண்டவில்லை. ஏழாவதாகத் தன் மகளை அவள் எழுதவில்லை; ஒரு வரி காலியாக விட்டிருக்கிறாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை மகன் கர்ட்டிஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். மனைவி ப்ரியானுக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்.

“அம்மா, பொண்ணுக்குப் பேரு முடிவு பண்ணிட்டோம். அக்கா பேருதான்.”

“வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு? கடையில விக்கற புத்தகம் பூரா பேருதானேடா இருக்கு.”

“உன் லிஸ்ட்டைத்தானே நினைக்கறே? ப்ரியானுக்கும் தெரியும். நீ முழிக்கற முழியைப் பாத்துட்டு அவளும் பயந்துபோயிருக்கா. ஒருத்திகூடவா பொழைக்கலை? ஒருத்தியைக் காட்டு, வெச்சுடறோம். இல்லேன்னா விட்டுடறோம். அவ்வளவுதான்.”

அவன் குரலில் இருந்தது பிடிவாதமல்ல, கெஞ்சல். அக்கா இறந்தபோது அவனுக்குப் பத்து வயது.

வெள்ளிக்கிழமை அவள் பிறப்புப் பதிவேட்டில் ஏனாக் டூக்ஸ்பரியின் பக்கத்தைத் திறந்தாள். நூறு தடவை பார்த்த பக்கம். ஒரே மையில், ஒரே உட்காரலில், ஒரு குடும்பத்தின் ஒன்பது பிள்ளைகளையும் அந்தக் கால எழுத்தர் எழுதி முடித்திருக்கிறார். அதில் டாம்சின் இரண்டு பேர்: 1729இல் ஒருத்தி, 1737இல் ஒருத்தி. ஓரத்தில், ‘டாம்சின் இறந்தாள், நவம்பர் ஒன்பது’. வருடம் இல்லை. மூத்தவளை 1736இல் பரவிய தொண்டை நோய் கொண்டுபோனது என்பது தேவாலயப் போதகரின் சாவுக் குறிப்பிலிருந்து தெரியும்: ‘ஏனாக் வீட்டில் நாலு பிள்ளைகள்’. ஆகவே நவம்பர் ஒன்பதை மார்சியா இளையவளுக்குக் கொடுத்திருந்தாள். கல்யாணம் ஆன தடயம் இல்லாத பெண் சிறுவயதிலேயே போயிருப்பாள் என்று நினைத்தாள்.

இப்போதுதான் போதகர் குறிப்பின் அடுத்த வரியை விரலால் தொட்டுப் படித்தாள். நாலு பிள்ளைகளும் அந்த நவம்பரின் முதல் பதினைந்து நாளுக்குள் புதைக்கப்பட்டிருந்தார்கள்.

ஒரே சாவு. அதை அவள் இரண்டு பேர் தலையில் எழுதியிருந்தாள். இளையவளை இருபத்தாறு வருடமாக அவள்தான் கொன்று வைத்திருந்தாள்.

சாகவில்லை, கல்யாணமும் இல்லை என்றால் யார் சோறு போட்டார்கள்? நிலபுலன் உள்ள குடும்பம் என்பதால் ஏழைகளின் பதிவேட்டை அவள் இதுவரை தொட்டதே இல்லை. அந்த நாளில் ஆதரவற்றவர்களை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். ஊரிடம் குறைந்த தொகை வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பவர் வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிவேட்டின் பதினோராம் பக்கத்தில் இளையவள் இருந்தாள். ‘டாம்சின் டூக்ஸ்பரி, காலஞ்சென்ற ஏனாக்கின் மகள், கண் தெரியாதவள்.’ மறுவருடம் வேறு வீடு. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. எங்கேயும் இரண்டு குளிர்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. 1825இல் சவப்பெட்டிக்குப் பலகை, வயது எண்பத்தெட்டு.

1819க்கு நேராக, அவளை அந்த வருடம் வைத்திருந்த வீட்டுக்காரரின் முறையீடு, நாலு வரி. ‘இரவில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக எழுந்து உட்காருகிறாள். கூப்பிட்டவர் எவருமில்லை. நான் அவளில்லை, நான் அவளில்லை என்று இருட்டுக்குப் பதில் சொல்கிறாள். என் பிள்ளைகள் பயப்படுவதால் இவளைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.’

மார்சியா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. பெட்டக அறைக்குள் அலைபேசி எடுக்காது. பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, டார்லீனின் மேசைமேல் விரித்து வைத்தாள்.

“அதை வெளிய கொண்டுவரக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்” என்றாள் டார்லீன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, உக்காருங்க. ஏதாவது குடிக்கறீங்களா?” என்றாள். மார்சியா வேண்டாம் என்று தலையசைத்து எண்களை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே கர்ட்டிஸ் எடுத்தான். “சொல்லும்மா.”

“ஒருத்தி இருக்கா.”

“நிஜமாவா? எத்தனை வயசு வரைக்கும்?”

“எண்பத்தெட்டு.”

“ப்ரியான்! எண்பத்தெட்டாம்!” அந்தப் பக்கம் ப்ரியான் சிரிப்பதும் அழுவதுமாக ஏதோ சொல்வது கேட்டது. கர்ட்டிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். “அவ எப்படிம்மா இருந்தா?”

மார்சியா பதிவேட்டைப் பார்த்தாள்.

“நல்லா இருந்தாடா” என்று சொல்லும்போதே அவளுடைய இடது உள்ளங்கை விரிந்து, அந்த நாலு வரிகளையும் முழுக்க மூடிக்கொண்டது.