அப்பா செய்த இடமாற்றங்கள்

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், கடைசிவரை அவரோடு உப்புவெளி வீட்டில் இருந்த மகள் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இலங்கைத்துறையில். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, மாமன் வீட்டில் நின்று படித்தார். ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் மூதூர் லோஞ்சுப் படகுக்குச் சீட்டுக் கொடுத்தார். அம்மா போன பிறகு, கனடாவிலிருக்கும் பெரியண்ணா ஒரு டிஜிட்டல் கமெரா அனுப்பினார். அந்த யுத்த நேரத்தில் துறைமுகப் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு திரிய ஏலுமா? சோதனைச்சாவடியில் பதில் சொல்லி மாளாது. ஆகவே பழைய அல்பங்களை முற்றத்து வெயிலில் விரித்துவைத்து, அவற்றிலிருந்த எங்களையெல்லாம் மறுபடி படமெடுத்தார்.

சனிக்கிழமைகளில் சைக்கிளில் பட்டினத்து இன்டர்நெட் கடைக்குப் போய், எங்கள் குடும்பத்துக்கென்று திறந்த இணையத்தளத்தில் அவற்றை ஏற்றுவார். ‘இருக்கிறவர்கள்’, ‘மறைந்தவர்கள்’ என்று இரண்டு பகுதி. இருக்கிறவர்களில் வீட்டுக்கொரு பக்கம். உறவில் யாரும் தவறிப்போனால் படத்தை மற்றப் பகுதிக்கு மாற்றிவிட்டு வந்து, “பிள்ளை, இண்டைக்கு ஒரு இடமாற்றம்” என்பார். அன்று தேத்தண்ணிகூடக் கேட்க மாட்டார்.

“தோப்பூருக்குப் போயிட்டு மத்தியானம் வந்திடுவன்” என்று ஒருநாள் புறப்பட்ட என் தம்பி திரும்பி வரவில்லை. அப்பா போகாத முகாமில்லை, கேட்காத ஆளில்லை.

மாதங்கள் போக, பெரியண்ணா ஒரு காரியம் செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. தம்பியின் படத்துக்குக் கம்பியூட்டரிலேயே பூமாலை போட்டு, ‘மறைந்தவர்கள்’ பகுதியில் வைத்துவிட்டார். லண்டன் சின்னம்மா முதற்கொண்டு எல்லாரும் கீழே அனுதாபம் எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, சைக்கிளை வேலியில் சாய்த்த கையோடு போனை எடுத்தார்.

“மகன், நான் அவனுக்குத் திவசம் செய்தனானோ?”

“இல்லையப்பா, ஆனால்...”

“பிறகு நீ ஆர் மாலை போட? எடு அதை!”

அப்பா தம்பியை எங்கள் வீட்டுப் பக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். கடவுச்சொல்லையும் மாற்றினார். தம்பி வளர்த்த நாயின் பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

“அவனுக்குத் தெரிஞ்ச சொல்லாய் இருக்கவேணும், பிள்ளை. எங்கையாவது இருந்து திறந்தால் பூட்டிக் கிடக்கக்கூடாது.”

அதன்பின் ஏற்றப் படமில்லாத சனிக்கிழமையும் போவார். தம்பியின் படத்துக்குக் கீழே அவன் ஏதும் எழுதியிருக்கிறானா என்று பார்ப்பார். மூச்சிழுப்பு வருத்தம் கூடியதும் என்னை அனுப்பினார். நான் படலையைத் திறக்க முன்னமே வாசலில் நின்று கேட்பார்.

“ஏதும் கிடந்ததோ?”

“இல்லையப்பா.”

“சரி, அடுத்த கிழமை பார்ப்பம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

ஊரடங்குக்கு முன் காரியங்களை முடித்துத் தந்த ஐயருக்கும், தோள்கொடுத்த அயலவர்களுக்கும், சனிக்கிழமைகளில் அப்பாவுக்கென்று ஒரு கதிரையை ஒதுக்கிவைத்த கடைக்கார நானாவுக்கும், தூரத்திலிருந்து அழுத உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். இம்மலரில் தம்பியின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா என அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாமென்றது நான்தான். அதைப்பற்றி ஒருவரும் போன் எடுத்துக் கேட்கவேண்டாம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் அப்பாவின் இடமாற்றத்தை நானே செய்தேன். எங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்போது தம்பியும் நானும் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வாசலில் நின்று கேட்கத்தான் ஆளில்லை.