உடைந்த ஊசியின் மறுபாதி

கட்சுபே நோரிஹிதோவின் வலது கால் இருபத்து மூன்று வருடமாகப் பிரேக்கின் மேலேயே இருக்கிறது. மட்சுயே ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவர் வாத்தியார். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவருக்கென்று தனி பிரேக். வீட்டில் தொலைக்காட்சியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும். தூக்கத்தில் இரண்டு தடவை மனைவி சிஸுருவை உதைத்திருக்கிறார்.

அந்தக் காலுக்கு வாரத்தில் இரண்டே மணி நேரம் ஓய்வு. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பேட்டையின் பொதுக்கூடத்து மாடி அறையில், தையல் குழுவோடு. அதற்காக ஞாயிறு மதிய வகுப்புகள் அத்தனையையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்கும்போது பேன்ட் பின்பக்கம் பிரிந்துவிட்டது. ஓய்வறையில் உட்கார்ந்து, எப்போதோ ஓட்டலில் இருந்து எடுத்துவந்த ஊசிநூலால் தானே தைத்தார். தையல் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தில் யாரையும் எதன் மேலும் மோதாமல் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குழுவைத் தேடிப் போன முதல் நாள், மீன்கடைக்கார இதோஹரா அம்மாள் அவரைப் பார்த்ததும் கையை நீட்டி, "ஏசி அந்த மூலையில இருக்கு. தண்ணி சொட்டுதுன்னு போன வாரமே போன் பண்ணிட்டோம்" என்றாள். தைக்க வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதற்கு எட்டுப் பெண்களும் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது.

அப்புறம் அவர்கள் பழகிவிட்டார்கள். அவர் பழகவில்லை. ஒற்றை ஆணாக உட்கார்ந்திருப்பவன் ஒரு தப்பு செய்தால் அது பத்துத் தப்பாகத் தெரியும் என்ற நினைப்பு அவரை விடவே இல்லை.

குழுவின் தலைவி அதாச்சி சுமியே. ஒரு மருத்துவமனையின் துணிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அங்கிருந்த ஒழுங்கை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். உள்ளே வந்ததும் எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி என்று நோட்டில் எழுத வேண்டும். போகும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஊசி உடைந்தால் இரண்டு பாதியையும் கண்டுபிடித்து, ஓர் அட்டையில் சேர்த்து ஒட்டி, தேதி போட்டுக் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்திடுவார். மாதக் கடைசியில் அந்தத் துண்டுகள் தகர டப்பாவுக்குப் போகும். பிப்ரவரியில் டப்பாவோடு கோயிலுக்குப் போய், உடைந்த ஊசிகளை மெத்தென்ற சோயாத் தயிர்க்கட்டியான தோஃபுவில் செருகி, உழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வருவார்கள்.

இந்த ஜூனில் குழு முதல்முறையாக வெளியாருக்குத் தைத்தது. பாலத்தடி குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட பதினொரு பிள்ளைகளுக்கு ஜின்பெய். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து நாடாவால் முடிந்துகொள்ளும் கோடைச் சட்டை அது. தந்தையர் தினமான ஞாயிறன்று காப்பகம் விடுமுறை என்பதால், மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள், போட்டோ எடுத்து அப்பாக்களுக்கு வாழ்த்து அட்டை செய்வார்கள் என்று ஏற்பாடு. யோசனை கட்சுபேயுடையது. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் துணி வெட்டினார்கள். சன்னலுக்கு வெளியே செடிகளில் நீலப் பூக்கொத்துகள் தண்ணீர் சொட்ட, மடியில் தவளைப் படம் போட்ட பருத்தித் துணியோடு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு சனிக்கிழமைகளும் அவர் வாழ்க்கையிலேயே நல்ல சனிக்கிழமைகள்.

மூன்றாம் சனியன்று, பதினொன்று ஐம்பதுக்கு, கடைசிச் சட்டையின் கழுத்துப்பட்டையை முடிக்கும்போது ஊசி உடைந்தது. துணி நான்கு மடிப்பாகத் தடித்திருந்த இடம். தடி ஊசிக்கு மாறியிருக்க வேண்டும். அவசரத்தில் மெல்லிய ஊசியையே தள்ளினார். டிக் என்று ஒரு சத்தம். காதுள்ள பாதி விரலில் இருந்தது. முனையைக் காணவில்லை.

கையிலிருந்த சட்டையை அங்குலம் அங்குலமாகத் தடவினார். இல்லை. பாயைத் தடவினார். இல்லை. முழங்காலுக்குப் பக்கத்திலேயே, தைத்து முடித்த மற்றச் சட்டைகளோடு அட்டைப்பெட்டி வாய் திறந்து கிடந்தது. முனை அதற்குள்ளும் தெறித்திருக்கலாம்.

கதவுக்கு வெளியே டேபிள் டென்னிஸ் ஆட்கள் மட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்கு அறை அவர்களுடையது.

"என்ன வாத்தியாரே, ஊசி போச்சா?" என்றாள் இதோஹரா அம்மாள். "வண்டிய இடிச்ச மாதிரி மூஞ்சி வெச்சிருக்கீங்க!"

அதாச்சி நிமிர்ந்து பார்த்தார். "கட்சுபே-சான், ரெண்டு பாதியும் இருக்குல்ல?"

"இருக்கு" என்றது வாய்.

 சொன்னபிறகு கை தானாக நடந்துகொண்டது. தகர டப்பாவைத் திறந்து, இருந்ததில் பொருந்தக்கூடிய ஒரு முனையை எடுத்து, தன் பாதியோடு சேர்த்து ஒட்டினார். அதாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், கையெழுத்திட்டார். பன்னிரண்டரைக்குக் காப்பகத்திலிருந்து ஃபுகுமா டீச்சர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கட்சுபே வீட்டுக்குப் போகவில்லை. பந்து தட்டிக்கொண்டிருந்தவர்களின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து, அலுவலகத்தில் இரவல் வாங்கிய காந்தத்தால் பாய்களின் இடுக்குகளைத் துழாவினார். "சார், காண்டாக்ட் லென்ஸா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றார். அன்றைக்கு இரண்டாவது பொய். ஒரு குண்டூசியும் இரண்டு ஸ்டேப்ளர் பின்னும் கிடைத்தன. முனை கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு வகுப்பு. ஒரு கல்லூரிப் பையன் ஏரிக்கரைச் சாலையில் ஒழுங்காகத்தான் ஓட்டினான். இவர் நாலு தடவை பிரேக்கை மிதித்தார்.

"சென்செய், நான் ஏதாவது தப்பு பண்ணினேனா?"

"இல்லப்பா. நீ பண்ணல."

நாலரைக்குக் காப்பகத்துக்குப் போனார். பொய் ஒன்றைத் தயார் செய்துதான் போனார்: ஒரு கழுத்துப்பட்டையில் தையல் கோணல், பெட்டியைக் கொடுத்தால் சரிசெய்து திங்கள் காலை கொண்டுவருகிறேன். ஃபுகுமா டீச்சர் வாசலிலேயே சிரித்தாள்.

"அய்யோ, பெட்டி இங்க இல்லைங்களே! புதுத் துணியாச்சே, தொவைச்சுப் போட்டு விடுங்கன்னு மதியமே அம்மாமாருங்ககிட்ட கொடுத்தனுப்பிட்டேன். இன்னிக்கு லீவுல இருந்த பிள்ளைங்க வீட்டுக்கும் நானே சைக்கிள்ல போய்க் கொடுத்துட்டேன். கோணலா இருந்தா என்ன, பிள்ளைங்களா பாக்கப் போகுது?"

ஒரு பெட்டி பதினொரு வீடாகிவிட்டது.

"அவங்க விலாசம்..."

"அதக் கொடுக்கக் கூடாதுங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க, நானே போன் பண்றேன்."

கட்சுபே மழைத்தண்ணீர் சொட்டும் குடையைப் பிடித்தபடி நின்றார். இந்தப் பெண் போன் செய்ய வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அது அதாச்சிக்குப் போகும். இரண்டு வருடமாக அவர் காப்பாற்றி வைத்த இடம் போய்விடும். ஒருவேளை முனை பாயின் இடுக்கிலேயே இருக்கலாம். ஒருவேளை எதுவுமே நடக்காமல் போகலாம். அந்த ஒருவேளையை அவர் மனம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு குழந்தை ஓடிவந்து, ஈரக்குடையின் கம்பியைப் பிடித்து வாயில் வைக்கப் போனது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டாள்.

"ஊசி" என்றார் கட்சுபே. "உடைஞ்ச ஊசியோட முனை. ஏதோ ஒரு சட்டையில இருக்கலாம். எதுலன்னு தெரியல. நான்... ரெண்டு பாதியும் கெடைச்சிருச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

டீச்சரின் முகத்தில் சிரிப்பு போன வேகத்தை அவர் பார்த்தார்.  குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

ஆறு மணிக்குள் பத்து வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆறு சட்டைகளை ஏற்கெனவே வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டிருந்தார்கள். பதினொன்றாவது வீடு எடுக்கவில்லை. சுஸுனா என்ற பெண் குழந்தையின் வீடு. அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு இஸுமோவிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். போன் அணைந்திருந்தது. டீச்சர் மூன்று தடவை செய்தி விட்டாள்.

அதாச்சிக்கு அவரேதான் போன் செய்தார். 

"அந்த அட்டையில என் கையெழுத்து இருக்கு, கட்சுபே-சான்" என்றார் அதாச்சி, எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின். "நாளைக்கு ஒம்போது மணிக்குக் கூடத்தத் தெறக்கச் சொல்றேன். எல்லாரும் வருவோம்."

ஞாயிறு காலை மாடி அறை சலவைக்கடை போல இருந்தது. அம்மாக்கள் ஜின்பெய்யோடு, அதோடு துவைத்த பனியன், துண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலுறை வரை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். இதோஹரா அம்மாள் தன் கடைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தங்கள் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்து வந்திருந்தாள்.

"என் மீன்கூட இவ்ளோ ஈரமா இருக்காது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு காந்தத்தைக் கட்சுபேயின் கையில் திணித்து, "நின்னுகிட்டே இருந்தா கெடைச்சிருமா? ஒக்காருங்க" என்றாள்.

ஓர் அம்மா "நல்லவேளை, சொன்னீங்க" என்றாள். இன்னொருத்தி, "அஞ்சு மணிக்குச் சொன்னாரு. பன்னெண்டுக்கே தெரியுமாம்" என்று, இவர் காதில் விழும்படியாகவே சொன்னாள். இருவர் சொன்னதும் சரிதான் என்று பட்டதால் இருவருக்கும் குனிந்து வணங்கினார்.

பத்துச் சட்டைகளையும் காந்தத்தால் ஒருமுறை, விரலால் இருமுறை தடவினார்கள். நாடா, மடிப்பு, கழுத்துப்பட்டை, பை. எதிலும் இல்லை. ஒவ்வொரு சட்டையிலும் இல்லை என்று ஆனபோதும் கட்சுபேயின் பயம் குறையவில்லை, மீதியிருந்த ஒன்றின் மேல் போய் ஏறிக்கொண்டது.

பதினொரு மணிக்கு டீச்சரின் போன் ஒலித்தது. சுஸுனாவின் அம்மா; செய்தியை ரயிலில் வரும்போதுதான் பார்த்தாளாம். ஸ்டேஷனிலிருந்து நேரே வருகிறார்கள்.

"சட்டை?" என்று கேட்டார் கட்சுபே.

டீச்சர் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "போட்டிருக்காளாம். நேத்துலேர்ந்து கழட்டவே விடலயாம். செய்தியப் பாத்ததும் ரயில்லயே கழட்டப் பாத்தாங்களாம். உருண்டு பொரண்டு அழுதிருக்கா. சட்டை மேல தடவிப் பாத்தாங்க, ஒண்ணும் தட்டுப்படலயாம்."

அவர்கள் வர இருபது நிமிடமானது. தவளைச் சட்டையில், இரண்டரை வயது சுஸுனா தானே படியேறி வந்தாள். அவளுடைய வலது கை சட்டையின் முன்பையில் இருந்தது.

அறையே அசையாமல் நின்றது. கையை எடு என்று யாராவது கத்தினால் அவள் பையை இறுக்கிப் பிடிப்பாள். பதறும் மாணவர்களிடம் பேசும் அதே குரலில், கட்சுபே முட்டிபோட்டு உட்கார்ந்து பேசினார். வேறு குரல் அவரிடம் இல்லை.

"உள்ள என்ன இருக்கு?"

"பூச்சி."

"என்ன பூச்சி?"

"உருண்டுக்கும்."

"எங்கிட்ட ஒண்ணு குடுப்பியா? மெதுவா. ரொம்ப மெதுவா."

கை வெளியே வந்தது. தொட்டால் குண்டுமணியாக உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று அவர் உள்ளங்கைக்கு மாறியது. அடுத்ததை எடுக்க அவள் கை திரும்புவதற்குள், அவர் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மா பின்னாலிருந்து தூக்க, அதாச்சி நாடாவை அவிழ்க்க, சுஸுனா வீறிட்டுத் திமிறியதில் ஒரு நாடா பிய்ந்தே வந்துவிட்டது.

கட்சுபே பையை வெள்ளைத் துணியின் மேல் வெளிப்புறமாகத் திருப்பினார். ஏழு பூச்சிகள், கொஞ்சம் மணல். பையின் அடித்தையலில், முனை உள்பக்கம் பார்க்க, சுண்டுவிரல் நகமளவு எஃகு மின்னியது.

குழந்தையின் விரல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகுதான் அவள் உட்கார்ந்தாள், அழுதாள். கட்சுபே நெற்றி தரையில் படக் குனிந்தார். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

"தலைய நிமித்துங்க" என்றாள் அந்த அம்மா. குரலில் மன்னிப்பு இல்லை. "இது இல்லாம நாளைக்கு போட்டோவுக்கு நிக்க மாட்டா. வீட்டையே ரெண்டாக்கிடுவா. நாடாவத் தைச்சுக் குடுங்க. இங்கயே. என் கண்ணு முன்னாடி."

கட்சுபே அதாச்சியைப் பார்த்தார். அதாச்சி தன் பெட்டியிலிருந்து ஒரே ஒரு தடித்த ஊசியை எடுத்து, எல்லோரும் பார்க்க அவர் கையில் வைத்தார்.

நூல் கோக்க மூன்று தடவை ஆனது. குழுவின் எட்டுப் பெண்களும் அம்மாக்களும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, பனியனோடு நின்ற சுஸுனா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊசி போய் வருவதை மூச்சுவிடாமல் பார்த்தாள். தையல் சின்னச் சின்னதாக, நெருக்கமாக வந்தது. முடிச்சிட்டு, நூலை வெட்டி, ஊசியை அதாச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா நாடாவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பையைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு போட்டுவிட்டாள். சுஸுனா பூச்சிகளைக் கேட்டாள்.

எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிய பிறகு அதாச்சி பேசினார்.

"ஒங்க தையல்ல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஒங்க 'இருக்கு'ங்கற வார்த்தைய இனிமே நான் எப்படி நம்பறது? செப்டம்பர் வரைக்கும் வராதீங்க, கட்சுபே-சான்."

"அது ஜாஸ்தி, சுமியே-சான்" என்றாள் இதோஹரா அம்மாள்.

"ஜாஸ்திதான்" என்றார் அதாச்சி.

கட்சுபே தலையாட்டினார். இரண்டு மணிக்கு அவருக்கு வகுப்பு இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், குடையை விரிக்காமல் திரும்பி வந்தார்.

"செப்டம்பர்னா" என்றார், "மொத சனிக்கெழமையா? இல்ல, கடைசி சனியா?"